சேவ் பண்ணின ஃபைல் எங்கே? கம்ப்யூட்டர் புதிதாகப் பழகுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கம்ப்யூட்டரைப் புதிதாகப் பழகுகிறவர்களின் கேள்விகளை வரிசையாக எழுதிப் பார்த்தால், பாதிக்கு மேல் ஒரே கேள்வியாகத்தான் இருக்கும்: "இப்போதுதானே இங்கே இருந்தது, எங்கே போனது?" ஃபைல்கள் தானாக எங்கும் போவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால், மற்றதெல்லாம் விரல் பழகுகிற விஷயம்தான். அதனால் கீழே உள்ள பதில்களில் எந்த பட்டனை அழுத்துவது என்பதைவிட, எந்த இடத்தைப் பார்ப்பது என்பதற்கே அதிக வரிகள் கொடுத்திருக்கிறேன். எல்லாம் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் பொருந்தும். மேக் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் தனியாக ஒரு பதில் இருக்கிறது.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் வரும் திரையில் என்னென்ன இருக்கிறது?

முழுத் திரையும் டெஸ்க்டாப். அதன் மேல் இருக்கும் சின்னச் சின்னப் படங்கள் ஐகான்கள். கீழே ஓடும் பட்டை டாஸ்க்பார். நீங்கள் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு புரோகிராமும் அங்கே தெரியும். டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் கடிகாரம், ஒலி, வைஃபை. ஸ்டார்ட் பட்டன் பல ஆண்டுகளாக இடது ஓரத்தில் இருந்தது. 2021இல் வந்த விண்டோஸ் 11 அதை நடுவுக்குக் கொண்டுவந்தது. உங்களுக்கு இடது பக்கம்தான் பழக்கம் என்றால், டாஸ்க்பாரின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, டாஸ்க்பார் செட்டிங்ஸ் போய் மாற்றிக்கொள்ளலாம்.

இந்த அமைப்பு திடீரென்று வந்ததல்ல. மேஜை, காகிதம், ஃபோல்டர் என்று அலுவலக மேஜையையே திரையில் காட்டும் யோசனை 1970களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் உருவானது. 1984இல் வந்த ஆப்பிள் மெக்கின்டாஷ் அதைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது. ஸ்டார்ட் பட்டனும் டாஸ்க்பாரும் 1995இல் விண்டோஸ் 95இல் வந்தவை. அதாவது இன்று இதைக் கற்றுக்கொண்டால் நாளைக்கு வேறு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் முக்கால்வாசி அப்படியே உதவும்.

ஒரு விஷயம் முக்கியம்: டெஸ்க்டாப்பும் ஒரு ஃபோல்டர்தான். அதில் வைக்கும் ஃபைல் ஏதோ காற்றில் மிதக்கவில்லை, உங்கள் பெயரில் உள்ள பயனர் ஃபோல்டருக்குள், 'டெஸ்க்டாப்' என்ற ஃபோல்டரில் இருக்கிறது.

எப்போது ஒரு கிளிக், எப்போது இரண்டு கிளிக்?

டெஸ்க்டாப்பிலும் ஃபோல்டர்களுக்குள்ளும், ஒரு கிளிக் என்றால் 'இதைத்தான் சொல்கிறேன்' என்று தேர்ந்தெடுப்பது; இரண்டு கிளிக் என்றால் திறப்பது. டாஸ்க்பார், ஸ்டார்ட் மெனு, பட்டன்கள், இணையப் பக்கத்தின் லிங்க்குகள் எல்லாவற்றுக்கும் ஒரு கிளிக் போதும். ரைட் கிளிக் செய்தால் அந்தப் பொருளை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்ற பட்டியல் வரும். எதுவும் புரியாத இடத்தில் ரைட் கிளிக் செய்து பாருங்கள், அதனால் மட்டும் எதுவும் மாறிவிடாது.

இரண்டு கிளிக்குக்கு நடுவே தாமதம் ஆனால் சிலருக்கு ஃபைல் திறப்பதற்குப் பதிலாக அதன் பெயர் நீல நிறத்தில் ஒளிர்ந்து, எழுதச் சொல்லி நிற்கும். அது பெயர் மாற்றும் நிலை. பதற வேண்டாம், எஸ்கேப் கீயை அழுத்துங்கள், பழையபடி ஆகிவிடும். விரலுக்கு டபுள் கிளிக் வரவே இல்லையென்றால் ஒருமுறை கிளிக் செய்து எண்டர் தட்டுங்கள். அதே வேலைதான். இந்த வழியை நான் வயதானவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுவேன். மவுஸ் செட்டிங்ஸில் டபுள் கிளிக்கின் வேகத்தையும் குறைத்துக்கொள்ளலாம்.

நான் எழுதிக்கொண்டிருந்தது திடீரென்று மறைந்துவிட்டது. போய்விட்டதா?

பெரும்பாலும் போகவில்லை, வேறு விண்டோ அதன் மேல் வந்து உட்கார்ந்திருக்கும். ஆல்ட் கீயை அழுத்திப் பிடித்தபடி டேப் கீயைத் தட்டுங்கள். திறந்திருக்கும் எல்லா விண்டோக்களும் வரிசையாகத் தெரியும். வேண்டியது வரும்வரை டேப் தட்டிவிட்டு ஆல்ட்டை விடுங்கள். அல்லது டாஸ்க்பாரில் அந்தப் புரோகிராமின் ஐகானை ஒருமுறை கிளிக் செய்யுங்கள்.

விண்டோவின் வலது மேல் மூலையில் மூன்று பட்டன்கள் இருக்கும். கோடு போட்டது மினிமைஸ்: விண்டோவைக் கீழே டாஸ்க்பாருக்கு அனுப்பும், மூடாது. சதுரம் முழுத்திரையாக்கும். பெருக்கல் குறி மூடிவிடும். மூடும்போது "சேவ் செய்யவா?" என்று கேட்டால் அவசரப்பட்டு 'டோன்ட் சேவ்' அழுத்தாதீர்கள். படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே அடியாக ஒதுக்கி டெஸ்க்டாப்பைப் பார்க்க விண்டோஸ் கீயுடன் (கீபோர்டில் விண்டோஸ் சின்னம் போட்ட கீ), டெஸ்க்டாப்பின் முதல் எழுத்தான டி. மறுபடி அதையே அழுத்தினால் எல்லாம் திரும்பி வரும்.

ஃபைல், ஃபோல்டர், டிரைவ் மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு கடிதம், ஒரு போட்டோ, ஒரு பாட்டு, இவை ஒவ்வொன்றும் ஒரு ஃபைல். ஃபைல்களைப் போட்டு வைக்கும் பை ஃபோல்டர்; ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டரும் இருக்கலாம். இவை எல்லாம் இருக்கும் சேமிப்பு இடம் டிரைவ். விண்டோஸ் இருக்கும் டிரைவுக்குப் பொதுவாக 'சி' என்று பெயர். 'ஏ', 'பி' எங்கே என்று கேட்பார்கள். அந்த எழுத்துகள் பழைய ஃப்ளாப்பி டிரைவ்களுக்கு ஒதுக்கப்பட்டவை. ஃப்ளாப்பி போய்விட்டது, எழுத்து வரிசை மட்டும் நிற்கிறது.

விண்டோஸ் கீயுடன் இ அழுத்தினால் ஃபைல் எக்ஸ்புளோரர் திறக்கும். இடப் பக்கம் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் என்ற ஃபோல்டர்கள் இருக்கும். மேலே உள்ள நீளப் பட்டைதான் அட்ரஸ் பார். 'திஸ் பிசி, டாக்குமென்ட்ஸ், வங்கி' என்று அதில் வரிசையாகத் தெரிந்தால், டாக்குமென்ட்ஸுக்குள் இருக்கும் வங்கி என்ற ஃபோல்டரில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த வரிசையில் உள்ள எந்தப் பெயரைக் கிளிக் செய்தாலும் நேரே அங்கே போகலாம். ஒரு படி மேலே போக ஆல்ட் கீயுடன் மேல் அம்புக்குறி.

ஃபோல்டரைத் திறந்ததும் முதலில் அட்ரஸ் பாரைப் படியுங்கள் என்று நான் யாருக்குக் கற்றுக்கொடுத்தாலும் சொல்வேன். தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தவர் தொலைவதில்லை.

சேவ் செய்தேன், ஆனால் ஃபைலைக் காணவில்லை. எங்கே தேடுவது?

முதலில், எந்தப் புரோகிராமில் செய்தீர்களோ அதையே திறந்து, ஃபைல் மெனுவில் 'ரீசென்ட்' பட்டியலைப் பாருங்கள். கடைசியாகத் திறந்த ஃபைல்கள் அங்கே இருக்கும், பக்கத்திலேயே இடமும் எழுதியிருக்கும். ஃபைல் எக்ஸ்புளோரர் திறந்தவுடன் வரும் முதல் பக்கத்திலும் (விண்டோஸ் 11இல் 'ஹோம்', 10இல் 'குவிக் ஆக்சஸ்') சமீபத்தில் தொட்ட ஃபைல்கள் வரும். இணையத்திலிருந்து இறக்கியது என்றால் பிரவுசரில் கண்ட்ரோல் கீயுடன் ஜே அழுத்துங்கள். டவுன்லோட் பட்டியல் வரும், அதிலிருந்தே ஃபோல்டரைத் திறக்கலாம்.

இவற்றில் கிடைக்கவில்லையா? சரி, ஃபைல் எக்ஸ்புளோரரில் டாக்குமென்ட்ஸைத் திறந்து, 'வியூ' மெனுவில் 'டீடெய்ல்ஸ்' தேர்ந்தெடுங்கள். பெயர், தேதி, வகை, அளவு என்று தலைப்புகள் வரும். 'டேட் மாடிஃபைட்' என்ற தலைப்பைக் கிளிக் செய்தால் தேதி வரிசையாக அடுக்கும். கடைசியாக மாற்றியது மேலே வரும்வரை ஒன்றிரண்டு முறை கிளிக் செய்யுங்கள். டவுன்லோட்ஸிலும் டெஸ்க்டாப்பிலும் இதையே செய்யுங்கள். பெயர் மறந்தாலும் "இன்று காலை செய்தது" என்பது நினைவில் இருக்குமே, அதை வைத்தே பிடித்துவிடலாம். பெயரில் ஒரு சொல்லாவது நினைவிருந்தால் வலது மேல் மூலையில் உள்ள தேடல் பெட்டியில் அதைத் தட்டுங்கள். அந்தப் பெட்டி நீங்கள் நிற்கும் ஃபோல்டருக்குள்ளும் அதன் உள் ஃபோல்டர்களிலும் மட்டும்தான் தேடும். அதனால் 'திஸ் பிசி'யில் நின்று தேடினால் வலை பெரிதாகும், நேரமும் கூடும்.

இன்னொரு வகை தொலைதல் இருக்கிறது, அதுதான் கொடுமை. மெயிலில் ஓர் இணைப்பு வருகிறது. அதை இறக்காமல் மெயில் புரோகிராமிலிருந்தே நேராகத் திறக்கிறீர்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து திருத்தி, கண்ட்ரோல் எஸ் அழுத்துகிறீர்கள். எந்தப் புகாரும் இல்லாமல் சேவ் ஆகிறது. ஆனால் அது சேவ் ஆன இடம், புரோகிராம் தற்காலிகமாக உருவாக்கிய ஒரு மறைவான ஃபோல்டராக இருக்கலாம். மறுநாள் மெயிலுக்குப் போய் அதே இணைப்பைத் திறந்தால் திருத்தம் எதுவும் இல்லாத பழைய ஃபைல் நிற்கிறது. இதைத் தவிர்க்க ஒரே வழிதான்: இணைப்பை முதலில் நீங்கள் தேர்ந்தெடுத்த ஃபோல்டரில் சேவ் செய்யுங்கள், அங்கே போய்த் திறங்கள், அப்புறம் கை வையுங்கள்.

சேவ், சேவ் ஆஸ்: எதை எப்போது?

சேவ் என்றால் அதே பெயரில், அதே இடத்தில், பழையதன் மேலேயே எழுதும். சேவ் ஆஸ் என்றால் வேறு பெயரிலோ வேறு இடத்திலோ புதிய பிரதி. போன மாத அறிக்கையைத் திறந்து இந்த மாதத்துக்கு மாற்றுகிறீர்கள் என்றால், திறந்த உடனேயே சேவ் ஆஸ் செய்துவிடுங்கள், ஓர் எழுத்துகூட மாற்றுவதற்கு முன்னால். எல்லாம் மாற்றி முடித்த பிறகு பழக்கத்தில் கை கண்ட்ரோல் எஸ்ஸுக்குப் போய்விடும். போன மாதம் அழிந்துவிடும்.

புதிய ஃபைலை முதல்முறை சேவ் செய்யும்போது வரும் சின்ன விண்டோவில் எல்லோரும் பெயர் எழுதும் கட்டத்தை மட்டும் பார்க்கிறார்கள். அதே விண்டோவின் மேல் பகுதியில் எந்த ஃபோல்டரில் போகப்போகிறது என்பது தெளிவாக எழுதியிருக்கும். இரண்டு விநாடி கண்ணை மேலே கொண்டுபோங்கள்.

ஃபோல்டர்களை எப்படிப் பிரித்து வைப்பது? பெயர் எப்படி வைப்பது?

புதிய ஃபோல்டருக்குக் கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டுடன் என். பெயர் மாற்ற, தேர்ந்தெடுத்து எஃப்2. செய்வது சுலபம், யோசிப்பதுதான் வேலை.

ஃபைலின் வகையை வைத்துப் பிரிக்காதீர்கள் என்பது என் கருத்து. 'வேர்டு ஃபைல்கள்', 'பிடிஎஃப் ஃபைல்கள்' என்று பிரித்தால், ஒரே வேலையின் கடிதம் ஒரு பக்கமும் ரசீது இன்னொரு பக்கமும் போய்விடும். நீங்கள் தேடும்போது "அந்த வங்கிக் கடன் சமாசாரம் எங்கே?" என்றுதான் தேடுவீர்கள். எனவே வங்கி, வீடு, பள்ளி, மருத்துவம் என்று வேலையை வைத்தே பிரியுங்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று மூன்று அடுக்குக்கு மேல் போனால் எதை எங்கே போட்டோம் என்று உங்களுக்கே மறந்துபோகும்.

பெயரில் தேதி சேர்ப்பதென்றால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள்: '2025-03-14 மின்கட்டண ரசீது'. இப்படி எழுதினால் பெயர் வரிசையே தேதி வரிசையாகவும் அமையும். '14-03-2025' என்று எழுதினால் எல்லா மாதங்களின் 14ஆம் தேதிகளும் ஒன்றாகக் கூடி நிற்கும். 'புதியது', 'கடைசி', 'கடைசி 2' என்ற பெயர்கள் வைத்த அன்று புரியும், ஆறு மாதம் கழித்து எது கடைசி என்று யாருக்கும் தெரியாது.

தமிழிலேயே பெயர் வைக்கலாம், இன்றைய விண்டோஸில் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் சில குறிகளை ஏற்காது: இரண்டு பக்கமும் சாய்ந்த கோடுகள், முக்காற்புள்ளி, நட்சத்திரக் குறி, கேள்விக்குறி, இரட்டை மேற்கோள், கோணக் குறிகள் இரண்டு, செங்குத்துக் கோடு. '14/03' என்று தேதி எழுதப் பார்த்து ஏன் மறுக்கிறது என்று திகைப்பவர்கள் உண்டு, சாய்கோடுதான் காரணம்.

காப்பி, கட், பேஸ்ட்: ஃபைலை நகர்த்துவது எப்படி?

தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் சி என்றால் காப்பி, கண்ட்ரோல் எக்ஸ் என்றால் கட். போக வேண்டிய ஃபோல்டருக்குப் போய் கண்ட்ரோல் வி. காப்பியில் இரண்டு இடத்திலும் இருக்கும்; கட் செய்தால் புதிய இடத்தில் மட்டும். இந்த வெட்டி ஒட்டும் முறையை 1970களில் ஜெராக்ஸ் பார்க்கில் உருவாக்கியவர்கள் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும். கட் செய்துவிட்டு பேஸ்ட் செய்ய மறந்தால் ஃபைல் அழிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பேஸ்ட் செய்யும்வரை அது பழைய இடத்திலேயே, கொஞ்சம் மங்கலாக நிற்கும்.

பலவற்றைச் சேர்த்துத் தேர்ந்தெடுக்க: அடுத்தடுத்து இருந்தால் முதலாவதைக் கிளிக் செய்து, ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு கடைசியைக் கிளிக் செய்யுங்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்தால் கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக. எல்லாம் வேண்டுமானால் கண்ட்ரோல் ஏ.

மவுஸால் இழுத்துப் போடுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரே டிரைவுக்குள் இழுத்தால் ஃபைல் இடம் மாறும். வேறு டிரைவுக்கு, உதாரணமாக பென்டிரைவுக்கு இழுத்தால் பிரதி எடுக்கும். ஒரே மாதிரி இழுக்கிறோம், இரண்டு வேறு விளைவு. இதனால்தான் "பென்டிரைவில் போட்டேன், ஆனால் கம்ப்யூட்டரிலும் இருக்கிறதே" என்ற குழப்பம் வருகிறது. இழுக்கும்போது கர்சர் பக்கத்தில் 'மூவ்' அல்லது 'காப்பி' என்று சின்னதாக எழுத்து வரும், அதைப் பாருங்கள். இன்னும் பாதுகாப்பாக வேண்டுமென்றால் இடது பட்டனுக்குப் பதில் வலது பட்டனை அழுத்தி இழுங்கள். விடும்போது காப்பியா, மூவா என்று கேட்கும்.

கை தவறி வேறு ஃபோல்டரில் விழுந்துவிட்டதா? அந்த நொடியே கண்ட்ரோல் இசட். எழுதும்போது மட்டுமல்ல, ஃபைலை நகர்த்தியதையும் பெயர் மாற்றியதையும்கூட அது திரும்பப் பெற்றுத் தரும். இது பலருக்குத் தெரிவதில்லை.

ஐகானில் சின்ன அம்புக்குறி இருக்கிறதே, அது என்ன?

அது ஷார்ட்கட். உண்மையான ஃபைலோ புரோகிராமோ வேறெங்கோ இருக்கிறது, இது அந்த இடத்தைக் காட்டும் வழிகாட்டிப் பலகை மட்டும். ஷார்ட்கட்டை டெலீட் செய்தால் உண்மையான ஃபைல் போகாது, புரோகிராமும் நீங்காது. டெஸ்க்டாப்பில் குவிந்திருக்கும் அம்புக்குறி ஐகான்களைத் தைரியமாக நீக்கலாம்.

மறுபக்கம்தான் ஆபத்து. டெஸ்க்டாப்பில் உள்ள ஷார்ட்கட்டை பென்டிரைவில் காப்பி செய்து, வேறு கம்ப்யூட்டரில் செருகித் திறந்தால் ஒன்றும் வராது. பலகையை மட்டும் பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். கொண்டுபோவதற்கு முன் பென்டிரைவில் அதன் அளவைப் பாருங்கள்: 200 பக்க ஆவணமோ வீடியோவோ 1 அல்லது 2 கேபி என்று காட்டினால் அது ஷார்ட்கட். ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுத்தால் உண்மையான ஃபைல் இருக்கும் ஃபோல்டர் திறக்கும். அங்கிருந்து காப்பி செய்யுங்கள்.

ஃபைல் பெயரின் கடைசியில் புள்ளி வைத்து வரும் எழுத்துகள் எதற்கு?

அது எக்ஸ்டென்ஷன். இது படமா, பாட்டா, ஆவணமா, எந்தப் புரோகிராமில் திறக்க வேண்டும் என்பதை விண்டோஸ் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. புள்ளி ஜேபிஜி என்றால் படம், புள்ளி எம்பி3 என்றால் ஒலி, புள்ளி பிடிஎஃப் என்றால் ஆவணம். பெயர் மாற்றும்போது புள்ளிக்கு முன்னால் உள்ளதை மட்டும் மாற்றுங்கள். ஜேபிஜி என்பதை அழித்து பிடிஎஃப் என்று எழுதினால் படம் ஆவணமாகிவிடாது, திறக்க முடியாத ஃபைலாகத்தான் ஆகும். மறுபடி பழைய எழுத்துகளையே எழுதினால் சரியாகிவிடும்.

விண்டோஸ் வழக்கமாக இதை மறைத்து வைத்திருக்கும். நான் அதைத் தெரிய வைத்துக்கொள்ளவே சொல்வேன். விண்டோஸ் 11இல் 'வியூ', 'ஷோ', 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்'; விண்டோஸ் 10இல் 'வியூ' பட்டையிலேயே அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. காரணம் பாதுகாப்பு. 'ரசீது புள்ளி பிடிஎஃப் புள்ளி இஎக்ஸ்இ' என்று பெயர் வைத்து ஒரு ஃபைல் மெயிலில் வரலாம். கடைசி எக்ஸ்டென்ஷன் மறைந்திருந்தால் உங்கள் கண்ணுக்கு வெறும் பிடிஎஃப் ரசீதாகத் தெரியும். உண்மையில் அது இயங்கும் புரோகிராம், டபுள் கிளிக் செய்தால் வைரஸ் நுழையலாம். முழுப் பெயரும் தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள்.

டெலீட் செய்ததை மீட்க முடியுமா?

டெலீட் கீயை அழுத்தினால் ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகிறது. அதைத் திறந்து, ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து 'ரீஸ்டோர்' கொடுங்கள். பழைய ஃபோல்டருக்கே திரும்பப் போய்விடும்.

ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நேராகப் போய்விடும் சந்தர்ப்பங்களும் உண்டு: ஷிஃப்ட்டுடன் டெலீட் அழுத்தினால், பென்டிரைவிலிருந்து அழித்தால், அலுவலக நெட்வொர்க் டிரைவிலிருந்து அழித்தால். பென்டிரைவில் டெலீட் செய்யும்போது "நிரந்தரமாக அழிக்கவா?" என்று கேள்வி மாறியிருக்கும். அந்தச் சொல்லைப் பார்த்தாலே கை நிற்க வேண்டும்.

அப்படிப் போன பிறகும், சாதாரண ஹார்டு டிஸ்க்கில் அந்த இடம் 'காலி' என்று குறிக்கப்படுகிறதே தவிர, உள்ளே இருந்தது உடனே அழிவதில்லை. வேறு ஏதாவது அதன் மேல் எழுதப்படும்வரை மீட்பு மென்பொருள்களால் எடுக்க வாய்ப்பு இருக்கிறது. எனவே அந்த டிரைவில் எதையும் சேவ் செய்யாமல் நிறுத்துங்கள், மீட்பு மென்பொருளையும் அதே டிரைவில் இன்ஸ்டால் செய்யாதீர்கள். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி டிரைவ்களில் காலியான இடத்தை டிரைவே துடைத்துவிடும், அங்கே வாய்ப்பு மிகக் குறைவு.

பென்டிரைவை அப்படியே பிடுங்கலாமா?

காப்பி முடியாமல் பிடுங்கினால் ஃபைல் பாதியில் கெட்டுப்போகும். டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் உள்ள பென்டிரைவ் ஐகானைக் கிளிக் செய்து 'எஜெக்ட்' கொடுத்து, செய்தி வந்த பிறகு எடுங்கள்.

பெரிய வீடியோவைப் போடப் பார்த்தால், இடம் இருந்தும் "ஃபைல் மிகப் பெரியது" என்று மறுக்கிறதா? பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய முறையில் இருக்கிறது. அதில் ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. உள்ளே இருப்பதையெல்லாம் வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, ரைட் கிளிக் செய்து 'ஃபார்மட்' போய் 'எக்ஸ்ஃபேட்' தேர்ந்தெடுத்தால் சரியாகும். ஃபார்மட் எல்லாவற்றையும் அழித்துவிடும் என்பது நினைவிருக்கட்டும்.

1 டிபி, அதாவது ஆயிரம் ஜிபி டிஸ்க் வாங்கினால் 931 ஜிபிதான் காட்டுகிறது என்ற புகாரும் வழக்கமானது. யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024ஆல் வகுத்துக் காட்டுகிறது.

ஜிப் ஃபைலைத் திறந்து திருத்தினேன், திருத்தம் காணோம். ஏன்?

ஜிப் என்பது பல ஃபைல்களை அடக்கிய ஒரே ஃபைல். டபுள் கிளிக் செய்தால் ஃபோல்டர் போலவே திறப்பதால் அதற்குள்ளேயே வேலை செய்யத் தோன்றும். ஆனால் உள்ளிருந்து திறப்பது தற்காலிகப் பிரதி. மெயில் இணைப்புக்குச் சொன்னதே இங்கும். ஜிப் மேல் ரைட் கிளிக், 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்'. வெளியே வந்த ஃபோல்டரில் வேலை செய்யுங்கள்.

ஃபைல்களின் பக்கத்தில் மேகம், பச்சை டிக் எல்லாம் வருகிறதே?

உங்கள் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் ஒன்டிரைவுடன், அதாவது மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பு இடத்துடன், இணைக்கப்பட்டிருக்கின்றன. புதிய கம்ப்யூட்டரை அமைக்கும்போதே இது ஆன் ஆகியிருக்கலாம். நீல மேகம் என்றால் அந்த ஃபைல் இணையத்தில்தான் இருக்கிறது, நெட் இல்லாவிட்டால் திறக்காது. பச்சை டிக் என்றால் உங்கள் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. பயணத்துக்கு முன், தேவையானவற்றில் ரைட் கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்துவிடுங்கள்.

இடம் மிச்சம் பிடிக்க நினைத்து, "நெட்டில்தான் இருக்கிறதே" என்று கம்ப்யூட்டரில் டெலீட் செய்யாதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அதற்கு 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்ற வேறு வழி இருக்கிறது. தெரியாமல் அழித்துவிட்டால் ஒன்டிரைவ் இணையப் பக்கத்தின் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள்; தனிநபர் கணக்கில் 30 நாள் வரை வைத்திருக்கும்.

சி டிரைவ் நிறைந்துவிட்டது. எதை அழிக்கலாம்?

டவுன்லோட்ஸில் தொடங்குங்கள். அளவு வரிசையில் அடுக்கினால் எப்போதோ இன்ஸ்டால் செய்து முடித்த புரோகிராம்களின் பெரிய ஃபைல்கள் மேலே வந்து நிற்கும். பிறகு ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யுங்கள், அதில் இருப்பவையும் இடம் பிடிக்கும். செட்டிங்ஸில் 'சிஸ்டம்', 'ஸ்டோரேஜ்' போனால் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும்.

'விண்டோஸ்', 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டர்களில் கை வைக்க வேண்டாம். ஒரு புரோகிராம் வேண்டாமென்றால் செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' போய் அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.

பேக்கப் எடுக்க வேண்டுமா?

கட்டாயம். டிஸ்க் சொல்லிக்கொண்டு கெடுவதில்லை. தொலைந்தால் மறுபடி கிடைக்காதவை எவை என்று மட்டும் முதலில் பாருங்கள்: குடும்பப் போட்டோக்கள், சான்றிதழ்களின் ஸ்கேன், நீங்கள் எழுதியவை. பாட்டும் படமும் மறுபடி கிடைக்கும். அந்த முக்கியமான ஃபோல்டர்களுக்கு மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு வேறு வகைச் சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது பொதுவாகச் சொல்லப்படும் 3-2-1 கணக்கு. கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, ஒன்டிரைவ் அல்லது கூகுள் டிரைவில் ஒன்று என்று வைத்தால் கணக்கு நிறைந்துவிடும். வெளி டிஸ்க்கை எப்போதும் செருகியே வைக்காதீர்கள். வைரஸ் வந்தால் அதையும் சேர்த்துத் தாக்கும்.

என்னிடம் மேக் இருக்கிறது. இதெல்லாம் பொருந்துமா?

யோசனை எல்லாம் அதேதான், கீக்கள் வேறு. கண்ட்ரோல் என்று சொன்ன பெரும்பாலான இடங்களில் கமாண்ட் கீ. ஃபைல் எக்ஸ்புளோரருக்குப் பதில் ஃபைண்டர், ரீசைக்கிள் பின்னுக்குப் பதில் டிராஷ். ரைட் கிளிக்குக்கு டிராக்பேடில் இரண்டு விரலால் ஒரு தட்டு. விண்டோஸிலிருந்து வருபவர்கள் தடுமாறும் இடங்கள் மூன்று. எண்டர் தட்டினால் ஃபைல் திறக்காது, பெயர் மாற்றும் நிலைக்குப் போகும். திறக்க கமாண்டுடன் ஓ. ஃபைலைக் கட் செய்ய முடியாது; கமாண்ட் சி கொடுத்து, போக வேண்டிய இடத்தில் ஆப்ஷன், கமாண்ட் இரண்டுடன் வி அழுத்தினால் நகரும். சிவப்பு வட்டத்தை அழுத்தினால் விண்டோ மட்டும்தான் மூடும், பெரும்பாலான புரோகிராம்கள் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். முழுதாக மூட கமாண்ட் கியூ. ஃபைலைத் தேர்ந்தெடுத்து ஸ்பேஸ் பாரைத் தட்டினால், திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும்.